அஜிதாவின் புகை

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில், இரண்டு வயது அஜிதா மூச்சு விட்டால் சாம்பிராணிப் புகை வர ஆரம்பித்தது. அவளுடைய அப்பா பிச்சைக்கனிக்குப் பழவங்காடிக் கடைகளில் சாம்பிராணி போடுவதுதான் தொழில். அட்டக்குளங்கரையில் குடியிருந்த ஒற்றை அறைக்குள்ளேயே கரி மூட்டிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். அம்மா பேச்சி வள்ளியூர்க்காரி. பிள்ளையைக் குளிப்பாட்டினால் தலைக்குப் புகை காட்டியே ஆகவேண்டும் அவளுக்கு. மாதம் தவறாமல் சளி பிடித்தது. சளி பிடித்ததால் இரண்டு வேளை காட்டினாள். காட்டியதால் சளி நெஞ்சுக்கு இறங்கியது. காய்ச்சல் விட்டதும் சிரப்பை நிறுத்தி, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பாள். இவ்வளவு அக்கறையான தாய் அந்த வீட்டு வரிசையில் வேறு யாருமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆஷா, அஜிதாவின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டபோது புகை அவருடைய கண்ணாடியில் படிந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை. கொசுவர்த்திப் புகை விடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். பீடிப் புகை விட்ட ஒன்று இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விட்டுப்போன தடுப்பூசியைப் போட்டார், முகத்தில் மூடி வைத்து இழுக்கும் இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "வீட்டுக்குள்ள புகை வேண்டவே வேண்டாம் கேட்டோ. பிள்ளைக்கு சுகமானாலும் மருந்தை நிறுத்தக் கூடாது." பேச்சி அப்படியே செய்தாள். தலைக்குப் புகை காட்டுவதும் நின்றது. ஓணம் முடிவதற்குள் புகை நூலாக மெலிந்து, பிள்ளை கன்னத்தில் சதை வைத்தது.

வம்பு அங்கேதான் வந்தது. மழை தொடங்கியதிலிருந்தே பிச்சைக்கனி சட்டியை விட்டுவிட்டுப் பிள்ளையைத்தான் கடைகளுக்குத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தான். நாலு இருமலில் ஒரு கடை நிறைந்துவிடும். துணியில் சாம்பல் விழவில்லை என்று ஜவுளிக்கடை ஸ்ரீகுமாருக்குப் பரம திருப்தி. இப்போது அவர் முகம் சுளித்தார். குட்டி சரிக்கு இருமவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிச்சைக்கனி சொன்னான், "ஆயுத பூஜை வரைக்கும் அந்த மருந்த எடுத்து வையி. பிள்ள எங்க போயிரப் போவுது?" பேச்சி அவனைப் பாவி என்று மனசுக்குள் திட்டினாள். திட்டிக்கொண்டே இன்ஹேலரைப் பரணில் வைத்தாள். சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை.

ஆயுத பூஜையன்று அஜிதாவின் இருமலில் தெருவே மணந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்ததைச் சந்தனப் பொட்டும் புதுப் பாவாடையும் பார்க்க விடவில்லை. ஸ்ரீகுமார் கடை வாசலில் எல்லாரும் கைகூப்பி நிற்க, அஜிதா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். திரும்ப இழுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் கடைசி மூச்சு மட்டும் கலையவில்லை. கடை வாசலில், இரண்டு வயதுப் பிள்ளை உயரத்துக்கு, அப்படியே நின்றது. ஐப்பசியில் கொட்டிய துலாமழைக்கும் கரையவில்லை. புடவை வாங்க வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகப் பழகினார்கள். இது போதும், இனி சாம்பிராணி வேண்டாம் என்று பிச்சைக்கனியை நிறுத்திவிட்டார் ஸ்ரீகுமார்.

பேச்சி தினமும் கடை திறக்கும் முன் வந்து, அதன் முன்னால் குத்தவைத்து ஒரு மூச்சு இழுத்துக்கொள்கிறாள். இப்போது அவளுக்கும் இருமல் உண்டு; டாக்டரிடம் போகவில்லை. தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்றுக்கு மேல் இழுப்பதில்லை.