கொடியைப் பிடித்துக்கொண்டே போனால்

தீவின் செடி அதிகாரிக்கு அன்று வாய் கொஞ்சம் நீளம். ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, எது உதவுகிற செடி, எது ஊரையே விழுங்குகிற செடி என்று காட்டுவது அவர் வேலை. குளக்கரை மரங்களை மூடிக் கிடந்த இளஞ்சிவப்புப் பூக்கொடியைக் கண்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பூவைப் பாத்து ஏமாறாதீங்க! மேல வெட்டினா திரும்ப முளைக்கும். கொடியைப் பிடிச்சுக்கிட்டே போனா எங்கயாவது தாய்க்கிழங்கு இருக்கும். அதை நட்ட புண்ணியவானையே எல்லார் முன்னாடியும் தோண்ட வைக்கிறேன்."

கூட்டம் உற்சாகமாகக் கிளம்பியது. முன்னால் தையல்காரம்மா. நூல் பிரித்துப் பழகிய கை, ஒரு சிக்கலையும் விடவில்லை. கொடி வேலி தாண்டி, பள்ளிச் சுவர் ஏறி, ஒரு சந்துக்குள் திரும்பியது. அதிகாரி நடையை மெதுவாக்கினார். அது அவர் வீட்டுப் பின்சந்து.

கல்யாணமான புதிதில் மனைவி கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தபோது, சமாதானத்துக்கு அவர் நட்ட கொடி அது. அப்போது இந்த வேலையும் இல்லை, இந்த அறிவும் இல்லை. அறிவு வந்தபிறகும், அவள் ஆசையாகத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மானம் போனால் போகட்டும், அவள் முகம் வாடிவிடுமே என்றுதான் பதறினார்.

"அட, இங்க பாருங்க, கீழாநெல்லி! மருந்துக்கு ஆகும்."

"ரெண்டு தடவை காட்டிட்டீங்க சார்," என்று தையல்காரம்மா கொல்லைக் கதவைத் தள்ளினார்.

மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "இதை யாரும்மா நட்டது?" என்று தையல்காரம்மா கேட்டதும் கணவரின் முகத்தைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"நான்தான்," என்றாள், கண் இமைக்காமல்.

அதிகாரி முன்னால் வந்தார். "இல்ல, நான்தான் நட்டேன். மன்னிச்சுக்கோம்மா, உனக்கு ரொம்பப் பிடிச்ச கொடி..."

"எனக்கா?" அவள் கையிலிருந்த சட்டையை உதறினாள். "பூவுக்கு வர்ற எறும்பெல்லாம் துணியில ஏறுது! நீங்க ஆசையா நட்டதாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தண்ணி ஊத்தினேன்."

கூட்டம் சிரிப்பில் அதிர்ந்தது. அதிகாரி வெட்கத்தோடு, சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டிக்குக் கை நீட்டினார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க. மொத வெட்டு நான்தான் வெட்டுவேன்."