உமாவின் சுதியும் என் கையும்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு வாட்ஸாப் கேள்வி. தீவுக்குப் புதிதாக வந்த யாரோ ஒருவர், மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை வாசிக்க பேஸ் கிட்டாரை எந்தச் சுதியில் வைக்கலாம், என்ன சாமான் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே என் மனைவி வந்துவிட்டாள்.

'உமா மகேஸ்வரி கிட்டாரை எடுத்தபோது கடல் அலைகள்...'

வேண்டாம். அந்தமானிலிருந்து எழுதினாலே கடலை இழுத்துவிடுகிறோம். எங்கள் பேண்டு ஒத்திகை பார்த்தது அபர்டீன் பஜாரில் ஒரு தையல்கடை மாடியில். அங்கிருந்து கடல் தெரியாது.

'பேஸ் கிட்டாருக்கு நான்கு கம்பிகள்.' இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

பேஸ் கிட்டாருக்கு நான்கு கம்பிகள். உமா இருப்பதிலேயே மெல்லியதைக் கழற்றிவிட்டு, மற்றவற்றைத் தள்ளி மாட்டி, மேலே மிகத் தடித்த ஒன்றைச் சேர்த்தாள்.

(கம்பி மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். வந்ததும் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிடுவாள். வெளியே வைத்தால் மாட்டுவதற்கு முன்பே துரு.)

அந்தத் தடிக்கம்பி 'பி' சுரத்துக்கென்று செய்தது. உமா அதையும் தளர்த்தி ஒரு படி கீழே 'ஏ'யில் வைத்தாள். அவளுக்கு மெல்லிய விரல். தளர்ந்த கம்பி அவள் தொட்டாலே பேசும். சாமான் விஷயத்தில் அவள் கொள்கை, 'பாதி அழுக்கு, பாதி சுத்தம்.' ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் காலால் மிதிக்கும் பெடலில் கரகரப்பாக்கி, மறு பாதியை அப்படியே விட்டு, கடைசியில் இரண்டையும் கலப்பாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். இந்த வாக்கியத்தை நீட்டிப் பார்த்தேன். நீளவில்லை.

3

இனி பாத்திரங்கள். நான் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் கயிறு கட்டுகிறவன். உமா இருந்தவரை அவளுடைய ஆம்ப் பெட்டியைத் தூக்குவது மட்டுமே பேண்டில் என் வேலை. அவள் போன பிறகு, பார்த்த ஞாபகத்தை வைத்து அவள் கிட்டாரை வாசிக்கப் பழகினேன். டிரம்ஸ் திருநாவுக்கரசு. அதிகம் பேச மாட்டான். கிட்டாரும் குரலும் ப்ரியங்கா. அவளை முதலில் சாந்தமான பெண்ணாக எழுதினேன். படித்தால் அது வேறு யாரோ. அடித்துவிட்டேன்.

உமா ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டு வைத்திருந்தாள். அது மேடையே ஏறவில்லை.

"ஒரே ஒரு ஷோ, ஜீஜு," என்றாள் ப்ரியங்கா. இங்கே அக்கா புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அக்காவைத் தீதி என்பார்கள். "தீதி பாட்டு அதுல நின்னா பேண்டு இருக்கும். இல்லேன்னா கலைச்சிடலாம். மாடியில உக்காந்து அழுறதுக்கு நான் வரல."

ஷோ தானாக வந்தது. சௌல்தாரி கிராமத்துப் பொங்கல் விழாவுக்குச் சென்னையிலிருந்து வரவேண்டிய இன்னிசைக் குழுவின் கப்பல், புயல் எச்சரிக்கையால் கிளம்பவில்லை. கமிட்டித் தலைவி சொர்ணம்மா போன் செய்தார். "என்னத்தையாவது சத்தமா வாசிங்கப்பா. கூட்டம் கலையக் கூடாது, அவ்வளவுதான்."

4

அறுவடை முடிந்த வயலில் மேடை. நாகமுத்துவின் மைக்செட்டில் குழாய் ஸ்பீக்கர்களும் இரண்டு பழைய பெட்டிகளும். சாயங்காலக் கூட்டத்துக்கு முன்பு உமாவின் பாட்டை வாசித்துப் பார்த்தோம். கயிறு இழுத்துப் பழகிய கையால் நான் இழுத்த இழுப்பில் தளர்ந்த கம்பி கிட்டார் தண்டில் மோதிச் சடசடத்தது. சுரமே வரவில்லை.

"அண்ணே, வாசிக்கிறீங்களா, சும்மா நிக்கிறீங்களா?" என்றான் நாகமுத்து.

"வாசிக்கிறேன்."

"எனக்குத் தகரத்துல மழை பெய்யற மாதிரிதான் கேக்குது."

ப்ரியங்கா திரும்பினாள். "ஜீஜு, பி-க்கு ஏத்துங்க. நானும் ஏத்திக்கறேன்."

"உன் குரலுக்கு ஒத்துக்காது."

"அரே, உறுமுறதுக்கு என்ன சுதி?"

"இது உமா வெச்ச சுதி. கை வைக்க மாட்டேன்."

திருநாவுக்கரசு குச்சிகளைக் கீழே வைத்தான்.

"தீதி வெச்சதா?" என்றாள் ப்ரியங்கா. "இந்தக் காத்துல எந்தக் கம்பி நிக்குது? ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போகுது, நீங்கதான் ட்யூனரைப் பாத்து முறுக்கறீங்க. தீதி வெச்சது என்னிக்கோ போச்சு. இது நீங்க வெக்கிற ஏ, ஜீஜு."

[இங்கே நான் அழுததாக ஒரு பத்தி இருந்தது. அழவில்லை. கோபம் வந்தது, அவள் சொன்னது உண்மை என்பதால்.]

"தீதி கைக்கு ஏ. உங்க கைக்கு பி. அவங்க இருந்தா இந்நேரம் உங்களைத் திட்டியிருப்பாங்க."

நான்கு கம்பிகளையும் ஒரு சுரம் ஏற்றினேன். பெடலில் அழுக்கைப் பாதிக்கு மேலே கூட்டினேன். குழாய் ஸ்பீக்கர் ஆழத்தைக் கொண்டுவராது, கரகரப்பைத்தான் கொண்டுவரும். அதைப் பிடித்துக்கொண்டு ஆழத்தைக் காதே போட்டுக்கொள்ளும். மறுபடி இழுத்தேன். கம்பி என் கையை எதிர்த்து நின்றது.

நாகமுத்து நெஞ்சைத் தடவினான். "டீக் ஹை, சரியாயிடுச்சு. இப்ப இங்க இடிக்குது."

5

முதல் பாட்டுக்குப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

இரண்டாவது உமாவின் பாட்டு. ப்ரியங்கா அவள் பெயரைச் சொல்லிவிட்டு உறுமினாள். நான் தடிக்கம்பியில் இறங்கினேன். பாய்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். வேலியோரம் நின்ற வங்காளிப் பையன்கள் முன்னால் வந்து தாளத்துக்கு மிதித்தார்கள். பிறகு தமிழ்ப் பெண்பிள்ளைகள். பிறகு யார் யாரோ. வயலிலிருந்து புழுதி எழும்பி மேடை விளக்கு மங்கியது. திருநாவுக்கரசு சிரித்துக்கொண்டே அடித்தான். நான் தப்பாக ஓர் இடத்தில் நுழைந்து, அதையும் சத்தமாகவே வாசித்தேன்.

முடிந்ததும் சொர்ணம்மா மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினார். "கூட்டம் கலைஞ்சிடும்னு சொன்னவன் எவன்டா? வந்து எண்ணிப் பாரு!" எங்கள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அந்த உமா பாட்டு. இன்னொருக்கா."

"முழுசாவா?" என்றேன்.

"பின்ன, பாதியா கேக்க வந்தோம்?"

மறுபடி வாசித்தோம்.

6

முடிவு. கூட்டத்தின் கடைசி வரிசையில் உமா நின்றதாக எழுதினேன். அடித்துவிட்டேன், அவள் கடைசி வரிசையில் நிற்கிறவள் அல்ல. வீட்டுக்கு வந்து கம்பிகளை மீண்டும் 'ஏ'க்கு இறக்கியதாகவும் ஒரு முடிவு உண்டு. சிலருக்கு அது பிடிக்கும். நான் இறக்கவில்லை. கிட்டார் என் சுதியில் இருக்கிறது.

ஆகவே முடிவை இரண்டாம் முறை வாசித்த பாட்டின் கடைசிச் சுரத்தில் விடுகிறேன். பேஸில் கடைசிச் சுரம் தானாக நிற்க நேரமாகும். உள்ளங்கையை வைத்து அணைக்க வேண்டும். டிரம்ஸ் நின்றுவிட்டது. ப்ரியங்கா என்னைப் பார்க்கிறாள். சௌல்தாரி முழுக்க அந்த ஒரு சுரம்தான். கை கம்பிக்கு மேலே இருக்கிறது, நான் வைக்கப்போவதில்லை. போதும் என்று தோன்றினால் நீங்கள் வையுங்கள்.