வளையத்தின் மேல் நீலக் கோடு

அந்த ஊரில் குழாய் வேலை பார்ப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தாலும் 'நூலண்ணன்' என்றால் ஒருவர்தான். அளவில் ஒரு நூல்கூடப் பிசகாதவர் என்பதால் வந்த பெயர். பெயர் வாங்குவது சுலபம், வாங்கிய பெயரோடு குடித்தனம் நடத்துவதுதான் பெரும்பாடு என்பது அவருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது.

கூட வேலை பார்ப்பவன் அவருடைய தங்கையின் புருஷன். தங்கமான மனுஷன். ஆனால் கை ஒரு வேலை செய்தால் வாய் மூன்று கதை பேசும். ஒருமுறை ஏணி உச்சியில் சுத்தியலை வைத்ததை மறந்து ஏணியை நகர்த்தி, அதைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான். "எங்க மாப்பிள்ளை தொட்டது துலங்கும், துலங்கினது ஒழுகும்" என்று சாமான் கடையில் நாலு பேர் முன்னால் நூலண்ணன் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள், மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிப்பான். கேலி பேசுகிறவனுக்கு அது ஒரு நிமிஷத்து விளையாட்டு. கேட்டுக்கொண்டிருந்தவன் நாளடைவில் அதை நம்பத் தொடங்கிவிடுகிறான்.

இப்போதெல்லாம் வீடுகளில் இரும்புக் குழாய் ஏது? வளைத்தால் வளைகிற பிளாஸ்டிக் குழாய்தான். அது திரும்புகிற இடத்திலும் பிரிகிற இடத்திலும் பித்தளை மூட்டு. குழாயின் வாயில் ஒரு செம்பு வளையத்தை மாட்டி, பித்தளையின் வரியோடிய மூக்கை உள்ளே செருகி, நீளக் கைப்பிடி போட்ட இடுக்கியால் வளையத்தை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். அழுத்தம் சரிதானா என்று அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, பேனாவால் வளையத்தின் மேல் ஒரு கோடு போட வேண்டும். நூலண்ணனுக்கு நீலம், மாப்பிள்ளைக்குக் கறுப்பு. யார் கோடோ அவர் பொறுப்பு. இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவரே நூலண்ணன்தான்.

கொண்டுவந்தவரேதான் அதைக் கெடுத்ததும். சில வருஷங்களாக அவர் போகும்போது மூட்டுகளை மாட்டிக் கோடும் போட்டுக்கொண்டே போவார். திரும்பும்போது இடுக்கியோடு வரிசையாக அழுத்திக்கொண்டே வருவார். பேனாவையும் இடுக்கியையும் மாற்றி மாற்றி எடுக்கிற அலுப்பு மிச்சம். அளவுத் தகடு பையிலேயே கிடந்தது. 'என் கைக்குத் தெரியாத அளவா?' என்ற நினைப்பு. திமிர் என்றே சொல்லலாம். இது மாப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

எட்டு மாதத்துக்கு முன் அந்த மாடி வீட்டுக் குளியலறையில் இருவரும் வேலை செய்தார்கள். தண்ணீரை ஏற்றி அழுத்தச் சோதனையும் செய்தார்கள், ஒரு சொட்டு கசியவில்லை. சுவரைப் பூசி ஓடு பதித்தார்கள். இரண்டு நாளைக்கு முன்னால், பகல் பதினோரு மணிக்கு, சுவருக்குள் இருந்த வெந்நீர்க் குழாய் ஒன்று மூட்டிலிருந்து கழன்றது. மாடியில் ஆள் இல்லை. தண்ணீர் சுவர் வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கி, சுவிட்ச் பலகைக்குள் புகுந்து, தரையில் தேங்கியது. கீழ் வீட்டில் இருந்தது ஒரு தையல்காரப் பெண். கடைக்குப் போய் நூல்கண்டு வாங்கி வந்தவள், வீடெல்லாம் ஈரமாக இருக்கிறதே என்று விளக்கைப் போடக் கையை நீட்டினாள். அவ்வளவுதான்.

செய்தி வந்த நேரத்திலிருந்து மாப்பிள்ளை சாப்பிடவில்லை.

"அண்ணே, பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்காரு" என்று தங்கை காலையில் போனில் அழுதாள். "நான்தான் விட்டிருப்பேன், நான்தான் கொன்னுட்டேன்னு அதையே சொல்றாரு. நீங்களும் எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டீங்க, பாத்து செய்யுங்க மாப்பிள்ளைன்னு. கேட்டாரா மனுஷன்? ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"சுவரைப் பிரிச்சுப் பாக்காம யாரு விட்டதுன்னு எப்படித் தெரியும்? நீ அழாத. நான் இருக்கேன்ல" என்றார் நூலண்ணன். அப்போது அவர் மனசிலும் மாப்பிள்ளைதான் குற்றவாளி. அவனை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அவருடைய கவலை.

கட்டட ஆய்வாளர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அதற்குள் சுவரைப் பிரித்து வைக்கும்படி வீட்டுக்காரர் நூலண்ணனையே கூப்பிட்டிருந்தார். வேறு ஆளைக் கூப்பிடலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, "அவரை நம்பாம யாரை நம்புறது?" என்றாராம். படிக்கட்டின் கீழே தையல்காரியின் புருஷன் உட்கார்ந்திருந்தான். லாரி ஓட்டுகிறவன். நூலண்ணனைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது அவருக்கு.

உளியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். ஊறிப்போன பூச்சு கையோடு வந்தது. மூன்றாவது வரிசைக்குப் பின்னால், தூணை ஒட்டிய மூலையில், பித்தளை மூட்டு தெரிந்தது. குழாய் அதன் மூக்கிலிருந்து கழன்று ஒரு சாண் தள்ளி நின்றது. செம்பு வளையம் குழாயின் மேலேயே இருந்தது. இடுக்கி பட்ட தடமே இல்லை. கடையில் வாங்கிய மேனிக்கு உருண்டையாக, வழவழப்பாக இருந்தது. சோதனையன்று ஏற்றியது குளிர்ந்த தண்ணீர். அதில் விறைத்திருந்த குழாய், வளையம் இறுகாமலே மூட்டைப் பிடித்து நின்றிருக்கிறது. எட்டு மாத வெந்நீரில் இளகி, விட்டுவிட்டது.

வளையத்தின் மேல் ஒரு கோடு இருந்தது. நீலம்.

அவர் குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மூலைக்குக் குனிய வேண்டும். திரும்பி வரும்போது குனியாமல் வந்திருக்கிறார். நினைவுகூட இல்லை. ஒரு பெண்ணின் சாவைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு, அது நினைவிலும் இல்லாமல் எட்டு மாதம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறார்.

கீழே ஜீப் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் பையிலிருந்து துணியை எடுத்தார், தின்னரில் நனைத்தார், வளையத்தைத் துடைத்தார். யோசித்துச் செய்ததில்லை. இரண்டே தேய்ப்பு, கோடு போய்விட்டது. துடைத்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

ஆய்வாளர் மூச்சு வாங்க மேலே வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர், வீட்டுக்காரர், அவர்களுக்குப் பின்னால் மாப்பிள்ளை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஆய்வாளர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்து மூட்டுகளையும் பார்த்தார்.

"மத்ததுல எல்லாம் கோடு இருக்கு. இதுல இல்லையே?"

"கோடு இல்லன்னா அழுத்தலன்னு அர்த்தம் சார்" என்றான் மாப்பிள்ளை. "நான்தான் விட்டிருக்கேன். பேச்சு சுவாரசியத்துல விட்டிருப்பேன். என் புத்தி அப்படி. மச்சான் அப்பவே சொல்லுவாரு."

போலீஸ்காரர் எழுத ஆரம்பித்தார். பேசாமல் இருந்தால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. நூலண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கையின் அழுகை காதில் கேட்டது. அதைவிட, அவன் "என் புத்தி அப்படி" என்று சொன்னது தாங்க முடியவில்லை. அந்தப் புத்தியை அவனுக்கு ஊட்டியவர் அவர்தானே.

"சார், எழுதாதீங்க. அது நான் மாட்டினது" என்றார். "அதுல நீலக் கோடு இருந்துச்சு. அழுத்தாமயே கோடு போட்டிருக்கேன். இப்ப நீங்க வர்றதுக்கு முன்னாடிதான் தொடைச்சேன்."

ஆய்வாளர் அவரையே பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது.

"பெரியவரே, புரியுது. தங்கச்சி வாழ்க்கை. எனக்கும் தங்கச்சி இருக்கா."

"இல்ல சார், சத்தியமா நான்தான். இதோ, தொடைச்ச துணி. மை இருக்கு பாருங்க."

"உங்க துணியில மை இல்லாம அரிசி மாவா இருக்கும்?" என்றார் ஆய்வாளர், சலிப்பில்லாமல். "இருபது வருஷமா உங்க வேலையைப் பாத்திருக்கேன். அளவு பாக்காம நீங்க கோடு போட்டீங்கன்னு சொன்னா, இந்த ஊர்ல நாய்கூட நம்பாது. சரி, தொடைச்சவரு எதுக்கு வலிய வந்து சொல்றீங்க?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. பயத்தில் துடைத்தேன், வெட்கத்தில் சொல்கிறேன் என்பதைப் போலீஸ்காரர் எந்தப் பத்தியில் எழுதுவார்?

"சார், அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று மாப்பிள்ளை குறுக்கே வந்தான். அவர் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "மச்சான், போதும். எனக்காக நீங்க பொய் சொல்ல வேணாம். இவ்வளவு தூரம் பேசினீங்களே, அதுவே எனக்குப் போதும்."

"முட்டாள், நான் சொல்றதக் கேளுடா!" என்று கத்தினார். வாழ்நாளில் அவனை 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை. அவன் அதையும் பாசமாகவே எடுத்துக்கொண்டான். தலையைக் குனிந்து அழுதான்.

கீழே இறங்கும்போது லாரிக்காரன் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தான். மாப்பிள்ளை கையைக்கூடத் தூக்கவில்லை. நடுவில் பாய்ந்த நூலண்ணனை லாரிக்காரன் ஒதுக்கி நிறுத்தி, "உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல அய்யா. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றான். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப் கிளம்பிப் போனது.

அவர் அங்கேயே, அந்தப் படியிலேயே உட்கார்ந்து தங்கைக்குப் போன் போட்டார். விஷயம் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"பழியை நீங்க ஏத்துக்கப் பாத்தீங்களாமே அண்ணே" என்றாள். "கூடப்பிறந்தவன்னா இப்படியில்ல இருக்கணும்."

"நான் சொன்னது நிஜம்மா. நான்தான் பண்ணினேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. நீயாவது நம்பு."

எதிர்முனையில் அவள் விசும்பினாள். "இன்னும் அதையே சொல்றீங்களே அண்ணே" என்றாள். பிறகு பக்கத்தில் இருந்த பிள்ளைகளிடம், "மாமாவைப் பாருங்கடா, உங்கப்பாவுக்காக எப்படித் துடிக்கிறாரு" என்று சொல்வது அவருக்குக் கேட்டது.