எக்ஸாக்ட்லி சார்

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் என்றால் எனக்குத் தைரியம் வராது. ஒருநாள் சாயங்காலம் என் மனைவியின் தம்பி தெருவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். நான் அவனுக்குத் தெரியாமல் பின்னால் நடந்தேன். பேச்சின் நடுவே அந்த போன் மணியடித்தது. காதிலேயே! அதுவரை எதிர்முனையில் யாருமே இல்லை. அவன் திரும்பினான், என்னைப் பார்த்தான், முகம் செத்துப் போயிற்று. நான் சிரித்துத் தொலைத்தேன். எட்டு மாதமாக அவன் அப்படி ஒரே ஒரு பேச்சைத்தான் ஒத்திகை பார்க்கிறான் என்று அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னான்.

2

முதல் தொடக்கம்: "ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் அந்தக் கூடத்தில் நீராவி வெள்ளை வெளேரென்று..." வேண்டாம். நீராவியை வர்ணித்து யாரை ஏமாற்றப் போகிறேன்?

இரண்டாவது தொடக்கம்: "மச்சினன் அங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசர். இங்கிலீஷ் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஒரு மாஸ்டர்* அவனுக்கு உபாயம் சொல்லிக்கொடுத்தார். எதிராளி பேசுவது புரியாவிட்டால் முழிக்காதே. லேசாகச் சிரி, தலையாட்டு, 'எக்ஸாக்ட்லி சார்' என்று சொல்லிவிடு."

இது பரவாயில்லை. இப்படியே போகட்டும்.

3

நடந்தது இதுதான். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குத் துணி ஏற்றிப்போகிற லாரி வாசலில் நின்று ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. மச்சினன் கொதிநீரில் துணி ஓட வேண்டிய நேரத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்து மெஷினை நிறுத்திவிட்டான். மடிக்கிற மேஜையில் மடிப்பக்கா. (பன்னிரண்டு வருடமாக மடிக்கிறார். எல்லோருக்கும் அதுதான் பெயர்.) அவர் ஒரு பெட்ஷீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, ரத்தக்கறை அப்படியே இருக்கு. இன்னொரு தடவ ஓட்டிடு."

"லாரி நிக்குதுக்கா. கறைய உள்பக்கமா வச்சு மடிங்க, நான் பாத்துக்கறேன்."

மூன்றாம் நாள் அந்த பெட்ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழ் தெரியாதவர். மடிப்பக்காவைக் கைகாட்டி மச்சினனிடம் இங்கிலீஷில் மளமளவென்று ஏதோ கேட்டார். மச்சினன் லேசாகச் சிரித்தான். தலையாட்டினான்.

"எக்ஸாக்ட்லி சார்."

அவர் கேட்டது: இந்தப் பெண் கறையைப் பார்க்காமலேயே மடித்து அனுப்பிவிட்டார், அப்படித்தானே?

மறுநாள் முதலாளி மடிப்பக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது மச்சினனிடம் வந்து நின்றார்.

"எனக்காக ஏதோ எடுத்துச் சொன்னியே தம்பி, இங்கிலீஷ்ல. அவ்ளோ பெரிய மனுசன்கிட்ட. நல்லா இருப்பே."

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

4

இந்த ஆள்மேல் எனக்கு ஒரு சந்தேகம். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லையா? புரியவில்லை என்று எழுதினால் நீங்கள் 'ஐயோ பாவம்' என்பீர்கள், எனக்கும் வேலை சுலபம். அவனையே கேட்டுவிட்டேன். நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தான்.

"பாதி புரிஞ்சுது அத்தான். அவரு கை அக்கா பக்கம் போச்சுல்ல, அதுலயே தெரிஞ்சுபோச்சு. 'இல்ல சார், தப்பு என்னுது'ன்னு சொல்றதுக்கு வார்த்தை வரல. எக்ஸாக்ட்லிதான் வாயில ரெடியா இருந்துச்சு."

[ஆகவே 3-ஆம் பகுதியை மாற்றி எழுத வேண்டும். மாற்ற மாட்டேன். அந்தப் பகுதி பொய் சொல்கிறது என்று தெரிந்தே படியுங்கள்.]

*மாஸ்டர் என்று யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது நான். ஆபீஸ் மீட்டிங்கில் இருபது வருடமாக நான் அப்படித்தான் தலையாட்டிக் காலம் தள்ளுகிறேன். வெட்கமாக இருக்கிறது என்று எழுதி அடித்துவிட்டேன். உடம்பெல்லாம் கூசுகிறது.

5

முடிவு ஒன்று: வியாழக்கிழமை அதே அதிகாரி மறுபடி வருகிறார். மச்சினன் இப்போது திக்காமல் பேசுகிறவன். 'தப்பு என்னுது' என்று எட்டு மாதமாகப் போனில் பழகியதை அப்படியே சொல்லித் தீர்க்கிறான். அவர் கைகுலுக்குகிறார், மடிப்பக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. (கைதட்டல். சீ!)

முடிவு இரண்டு: அவனுடைய இங்கிலீஷைக் கேட்டு அதிகாரி அசந்துபோகிறார். முதலாளி அவனை மேனேஜர் ஆக்குகிறார். அவன் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்து... (இதில் பாதி ஏற்கெனவே நடந்துவிட்டது. போன மாதமே அவன் சம்பளம் ஏறிவிட்டது.)

முடிவு மூன்றை எழுத உட்கார்ந்தபோது மனைவி தாள்களை வாங்கிப் படித்தாள். கடைசிவரை படித்துவிட்டு மேஜைமேல் போட்டாள்.

"ஏங்க, அந்த முதலாளிக்குத் தமிழ் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அந்தக்காவுக்கு?"

நான் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"அப்ப எட்டு மாசமா இவன் யாருகிட்ட சொல்றதுக்கு இங்கிலீஷ் கத்துக்கிட்டிருக்கான்? நீங்களும் பக்கம் பக்கமா எழுதிக்கிட்டிருக்கீங்க!"

6

மடிப்பக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மச்சினனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிறோம். உள்ளே அவர் யாரையோ அதட்டுகிற சத்தம் கேட்கிறது.

"நீங்க ஆரம்பிங்க அத்தான்."

"நீ சொல்லு மாப்ள."

"நீங்கதானே எழுதுறவரு."

அவன் வாயைத் திறந்து மூடினான். நானும்தான். பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை, ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொன்னால் அவன் உடனே தலையாட்டுவான், எனக்குத் தெரியும்.

நீங்கள் இவ்வளவு தூரம் எங்களோடு வந்துவிட்டீர்கள். தயவுசெய்து அந்தக் கதவை நீங்கள் தட்டிவிடுங்கள்.