தப்பாத நாற்பது நாள்

நாற்பது நாளாக அவள் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருப்பார்கள். அவளுக்கோ சந்தேகம்தான் வந்தது.

வட்டார வானிலை அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேக மேடம்' என்று பெயர். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தேநீர் கொண்டுவருபவர் சர்க்கரை போட்டாயிற்று என்று சத்தியமே செய்தாலும் ஒரு தடவை கலக்கிக் குடித்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவாள். அப்படிப்பட்டவளிடம் போய், உன் கணிப்பு தப்புவதே இல்லை என்றால் நம்புவாளா?

வட்டாரத்தில் அளவெடுக்கும் நிலையங்கள் பதினொன்று. பத்தில் அவள் கணிப்பு முன்னே பின்னே இருக்கும். அதுதான் நியாயமும்கூட. வசந்த காலத்து வானம் எந்தக் கொம்பனுக்கும் பிடி கொடுக்காது. பள்ளத்தாக்கு நிலையத்தில் மட்டும் அரை டிகிரிகூட விலகவில்லை. விடியற்காலையில் நாலு டிகிரி என்று முதல் நாள் மாலை அவள் சொன்னால், மறுநாள் காலை அங்கிருந்து நாலு புள்ளி இரண்டு என்று வரும்.

"பள்ளத்தாக்கைக் கரைச்சுக் குடிச்சிட்டே போ!" என்றார் இயக்குநர். அடுத்த மாதத்திலிருந்து வாராந்திர முன்னறிவிப்பு முழுக்க அவள் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த வார முன்னறிவிப்பு வெளியாக வேண்டும். நிலையங்கள் அனுப்பும் அளவுகளை விழுங்கித்தான் கணினி வரும் நாட்களைக் கணக்குப் போடும். இந்த வாரம் அது, சனிக்கிழமை விடியற்காலை பள்ளத்தாக்கில் மூன்று டிகிரி என்றது. மேகமில்லாத வானம், வடக்கிலிருந்து வறண்ட காற்று, பக்கத்து மலையில் ஏற்கெனவே உறைபனி. மூன்று டிகிரியாம் மூன்று! பள்ளத்தாக்கில் பிளம் மரங்கள் கிளை தெரியாமல் பூத்து நின்றன. பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஒரே காலையில் பூ கருகிவிடும், அந்த வருடத்துக்குப் பழமே கிடையாது. இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்தால் துணி போர்த்திக் காப்பாற்றிவிடலாம்.

முதலில் வெப்பமானியைச் சந்தேகித்தாள். அது போன குளிர்காலத்தில்தான் புதிதாக மாற்றியது. பிறகு எதிர் மேசைக்காரரைச் சந்தேகித்தாள். அந்த மனுஷனுக்குத் தன் கணினியைத் திறக்கவே ஆள் வேண்டும். மிச்சம் இருந்தது அத்தான்தான்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். பள்ளத்தாக்கில் பிளம் தோட்டம் வைத்திருந்தார். தோட்டத்து ஓரத்தில் நின்ற வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானியைப் பார்த்துக் காலை ஏழு மணிக்கு அளவெடுப்பதும் அவர்தான். அவரை அவள் என்றைக்குமே முழுசாக நம்பியதில்லை. தனக்கு நன்றாகப் பாட வரும் என்று கல்யாணத்துக்கு முன்பு அக்காவிடம் சொன்னவர் அவர். பதினெட்டு வருடமாகியும் ஒரு வரி வெளியே வரவில்லை. குளிரில் எழுந்திருக்க வலித்து, முதல் நாள் ரேடியோவில் கேட்ட அவள் கணிப்பையே போர்வைக்குள் படுத்தபடி எழுதி அனுப்புகிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் முதல் பேருந்தைப் பிடித்தாள். ஆறரைக்கெல்லாம் தோட்டத்து வேலியைத் தாண்டி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். குறைந்தபட்ச அளவு, பூஜ்யம் புள்ளி ஆறு. முதல் நாள் மாலை அவள் சொன்னது நாலு. மாட்டினார் அத்தான் என்று மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கை விரல் விறைத்தது, ஆனாலும் மனதுக்குள் ஒரு குஷி.

சரியாக ஏழு மணிக்கு அத்தான் வந்தார். போர்வைக்குள் இல்லை, கம்பளிச் சட்டையும் சேற்றுச் செருப்புமாக வந்தார். பெட்டியைத் திறந்து, கண்ணை அளவுக்கு நேராக வைத்துக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை பார்த்தார். நோட்டில் எழுதினார். வெப்பமானியைச் சரிப்படுத்தி வைத்துவிட்டுப் போனார்.

அவள் பின்னாலேயே வீட்டுக்குள் நுழைந்தபோது நோட்டு சமையலறை மேசையில் விரித்தபடி கிடந்தது. 0.6 என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னடி, சொல்லாம கொள்ளாம?" என்று அடுப்படியிலிருந்து திரும்பிய அக்காவின் கையில் போன் இருந்தது. அதே நேரத்தில் அவள் பையில் இருந்த போன் முனகியது. நிலையங்களின் காலை அளவு வந்திருந்தது. பள்ளத்தாக்கு: 4.1.

அவள் போனைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"நீயா?"

அக்கா மழுப்பவெல்லாம் இல்லை. "அவருக்கு இந்தச் சின்ன பட்டனெல்லாம் அழுத்த வராது. நான்தான் அனுப்புறேன்."

"நோட்டுல இருக்கிறதை அனுப்ப வேண்டியதுதானே?"

"போன வருஷம் நீ உறைபனின்னு சொல்லி, ஊரே மூணு நாள் மரத்துக்குத் துணி போர்த்திச்சு. வெயில் பல்லைக் காட்டிச்சு. 'உன் தங்கச்சி சொன்னா நேர்மாறாத்தான் நடக்கும்'னு கடைத்தெருவுல என் மூஞ்சிக்கு நேராவே சிரிச்சாங்க. உனக்கு ஆபீஸ்ல விளக்கம் கேட்டு ஓலை வேற. எனக்குத் தாங்கலடி. நீ சொன்னதையே அனுப்பினா யாருக்கு என்ன நஷ்டம்? சந்தேகம் வரக்கூடாதேன்னு ஒண்ணு ரெண்டு புள்ளி தள்ளித்தான் போடுவேன்."

அவள் கணிப்பு அளவாகப் போய், அந்த அளவு மறுபடி கணிப்பாகத் திரும்பி வந்திருக்கிறது. நாற்பது நாளும் பள்ளத்தாக்கை அவள் பார்க்கவே இல்லை, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். பதினேழு நாள் அவள் சொன்னது சுத்தத் தப்பு. கடைசி வாரத்தில் ஒரு நாள்கூடச் சரியில்லை.

"சனிக்கிழமை பூவெல்லாம் போயிடும்க்கா. உங்க தோட்டமும் சேர்த்துத்தான். இப்பவே சொல்லியாகணும்."

அக்காவின் முகம் வெளுத்தது. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "சொல்லு. ஆனா நான் மாத்தினேன்னு சொல்லாதே, உன் வேலைக்கே உலை வெச்சிருவாங்க. அத்தான் தப்பாப் பார்த்துட்டாருன்னு சொல்லிடு. கண்ணு சரியில்லன்னு ஊருக்கே தெரியும்."

"ஆமாம்மா, அப்படியே சொல்லிடு."

வாசற்படியில் அத்தான் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"இந்த வசந்தத்துல ரெண்டு தடவை கண்ணாடி மாத்திட்டேன்," என்றார். "நீ ரேடியோவுல ஒண்ணு சொல்றே, காலையில எனக்கு வேற ஒண்ணு தெரியுது. ஆபீஸ்ல நீ தப்பே பண்றதில்லன்னு அக்கா சொன்னா. அப்போ என் கண்ணுதானே தப்பு? இருந்தாலும் கண்ணுல பட்டதைத்தான் எழுதினேன். வேற எதை எழுதுறது?"

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பதினெட்டு வருடம் இந்த மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது. அக்காவின் கையை விலக்கிவிட்டு இயக்குநரை அழைத்தாள்.

"சார், சனிக்கிழமை பள்ளத்தாக்குல உறைபனி. மைனஸ் ரெண்டு வரைக்கும் போகும். அங்கேருந்து நாற்பது நாளா வந்த அளவு எதுவும் சரியில்ல."

"என்னது? அங்க அளவெடுக்கிறது உன் அத்தான்தானே? மனுஷன் பார்க்காமலே எழுதியிருக்காரா?"

அக்கா எதிரில் நின்று, ஆமாம் சொல், ஆமாம் சொல் என்று தலையை ஆட்டினாள். ஒரே ஒரு சொல். சொன்னால் நம்பிவிடுவார்கள். இன்று காலைவரை அவளே நம்பினாளே.

"இல்ல சார். அவர் ஒரு நாள்கூடத் தப்பா எழுதல. எங்கக்கா அதை மாத்தி, என் கணிப்பையே அளவுன்னு அனுப்பிட்டா. நாற்பது நாள்ல பதினேழு நாள் நான்தான் தப்பு."

"இது வெளியே போனா என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார் இயக்குநர். "அடுத்த மாசப் பொறுப்பை விடு. உன் பேர்ல வர்ற உறைபனி எச்சரிக்கையை இனிமே ஒருத்தன் நம்புவானா?"

"என்னை நம்ப வேண்டாம் சார். அவர் எழுதின நோட்டை ஒரு பக்கம் விடாம படம் எடுத்து அனுப்புறேன். அவர் பேரைப் போட்டு வெளியிடுங்க."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அத்தான் ஏணியைச் சாத்திப் பரணிலிருந்து பழைய துணிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்.