ஓடினால் ஊரே ஓடும்

எண்ணூரில் யாரும் காரணமில்லாமல் ஓடுவதில்லை. ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள், தண்ணீர் லாரியைக் கண்டால் ஓடுவார்கள். உடம்புக்கு நல்லது என்று ஓடுகிற வழக்கம் இன்னும் அந்தப் பக்கம் வந்து சேரவில்லை. கொசஸ்தலை ஆற்றங்கரையில் கல் பதித்து, ஓரமெல்லாம் அலையாத்திக் கன்று நட்டு, பெரிய மனிதர்கள் வந்து நடைபாதையைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அதில் வலை காயப்போட்டார்களே தவிர, ஓடியவர் ஒருவரும் இல்லை.

அந்தப் பாதையில்தான் சங்கமித்ரா ஓடிப் பார்க்கப் போகிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழியில் ஏதோ ஒரு ஆலையின் குழாய் உடைந்து கேஸ் கசிந்தபோது, முதலில் மோப்பம் பிடித்தது அவள் மூக்குதான். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு குடியிருப்பு முழுக்கக் கதவைத் தட்டி எழுப்பிவிட்டு, கடைசி ஆளாக ஓடினாள். ஊர் பிழைத்தது. அவளுக்கு மட்டும் மூச்சு அன்றோடு போயிற்று. மாடிப்படியில் பாதியில் உட்கார வேண்டும். நாலு வயது மகளைத் தூக்கினால் இளைக்கும். பெற்ற பிள்ளையை இடுப்பில் வைக்க முடியாத ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை.

"நுரையீரல் தேறிடுச்சும்மா, பயம்தான் பாக்கி. மெதுவா ஓடிப் பாருங்க. தூசு ஆகாது, மூஞ்சில துணி கட்டிக்குங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சங்கமித்ரா நம்பவில்லை. பாதை முடிகிற பாலம் வரைக்கும் நிற்காமல் ஓடிவிட்டால் அவர் சொன்னது நிஜம். இல்லையென்றால் ஆயுசுக்கும் இதுதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியது.

கணவன் எழிலன் துறைமுகத்தில் நைட் ஷிப்ட். விடியும் முன்பே, தூங்குகிற மகளைப் பக்கத்து வீட்டு ராஜாத்தியிடம் விட்டாள். கடைக்குப் போவதாகச் சொன்னாள்; ஓடப் போகிறேன் என்றால் ராஜாத்தி ஒரு வாரத்துக்குச் சிரிப்பாள். கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

பொழுது புலர்ந்தது. கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியே ஏறி ஆற்றை வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. தினமும் பஸ் ஜன்னலில் சாம்பலாகத் தெரிகிற தண்ணீர், இன்று தேய்த்து வைத்த செப்புக்குடம் போலப் பளபளத்தது. கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்கின. அனல்மின் நிலையத்துப் புகைகூட இளஞ்சிவப்பாக நின்றது. இதையா இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

பாதி வழியில் நெஞ்சு பிடிக்க ஆரம்பித்தது. அவ்வளவுதான், நிற்கலாம் என்று நினைத்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு இல்லை. திரும்பினாள்.

ஊரே ஓடி வந்துகொண்டிருந்தது. பெண்கள், கிழவர்கள், கைலியை மடித்துக் கட்டியவர்கள், எல்லார் மூக்கிலும் ஈரத்துணி. வண்டிகள் வரக் கூடாது என்ற பலகையைச் சாய்த்துவிட்டுக் கோதண்டத்தின் மீன்பாடி வண்டி வந்தது. கால் விளங்காத ரமாபாய் அதில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். யாரும் கத்தவில்லை, வாயைத் திறந்தால் கேஸ் உள்ளே போகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அத்தனை பேர் சத்தமே இல்லாமல் ஓடிவருவதைக் கண்டு சங்கமித்ராவுக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுபடியும் கேஸ். தன் மூக்குக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

எல்லாருக்கும் முன்னால் ராஜாத்தி, இடுப்பில் சங்கமித்ராவின் மகளோடு வந்தாள். சங்கமித்ரா பாய்ந்து பிள்ளையை வாங்கித் தன் இடுப்பில் இருத்திக்கொண்டு ஓடினாள். ஆறு தெரியவில்லை, நெஞ்சு தெரியவில்லை. பாலத்துக்கு வந்துதான் நின்றாள்.

"கேஸு எந்தாண்டருந்து வருது?" என்று கேட்டான் கோதண்டம், வண்டியை நிறுத்தியபடி.

"என்னியக் கேக்குற? நீங்கதான ஓடியாந்தீங்க?"

"நீ ஓடுன, நாங்க ஓடியாந்தோம்" என்றாள் ராஜாத்தி. "கடைக்குன்னு சொன்னவ மூக்குல ஈரத்துணி வேற கட்டிகினு கீற. உன் மூக்கு பொய் சொல்லுமா?"

"நான் சும்மா ஓடுனேன்க்கா. டாக்டரு ஓடச் சொன்னாரு."

முதலில் சிரித்தது ரமாபாய்தான். "சும்மா ஓடுனாளாம். அதுக்கு என்னியத் தூக்கி ஐஸு மேல குந்த வெச்சிட்டானுங்க." பாலமே சிரித்தது.

சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, எல்லா வூட்டையும் எழுப்புனீங்களா?"

"எழுப்பாம? அன்னிக்கு நீ தட்டுன மாரியேதான். ஒரு கதவு வுடல."

சங்கமித்ரா அத்தனை முகங்களையும் பார்த்தாள். அன்றைக்குத் தான் மட்டும் செய்ததை இன்று ஊரே செய்திருக்கிறது. அவளுக்குக் கண் நிறைந்தது.

"புள்ளைய இப்டி குடு, உனுக்குத்தான் மூச்சு..." என்று கை நீட்டிய ராஜாத்தி, பாதியில் நிறுத்தி அவளையே பார்த்தாள்.

அப்போதுதான் சங்கமித்ராவுக்கே தெரிந்தது. மகள் இடுப்பில் இருந்தாள். மூச்சு வேகமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது, போனது, தடையில்லாமல் மறுபடி வந்தது. துணியை அவிழ்த்துவிட்டு ஆழ இழுத்துப் பார்த்தாள். சேறு, உப்பு, கோதண்டத்தின் மீன் பெட்டி, கொஞ்சம் கரித்தூள். வேறொன்றும் இல்லை.

"இருக்கட்டும்க்கா" என்றாள். வீடு வரைக்கும் மகளை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.