நான் கேட்டது ராஜினாமா இல்லை

என் வீட்டுக்காரர் சங்கையாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் நான் பெரட்டுக் களத்துக்குப் போய் அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றேன். விடிவதற்கு முன்னே ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற களம் அது. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் நிரந்தர ஆள் ஒருவர் செத்துப்போனால், பதினாறு கழிந்ததும் அவர் பெண்டாட்டியோ பிள்ளையோ அவர் நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் செத்தவர் பேரைக் கடைசியாக ஒரு தடவை கூப்பிடுவார். நிற்கிறவர் ‘இருக்கேன்’ என்று சொல்லிவிட்டால் அந்த வேலையும், வேலையோடு சேர்ந்து கம்பெனி தருகிற லயத்து வரிசை வீடும் அவருக்கு. என் மாமனார் செத்தபோது சங்கையா அப்படித்தான் நின்றார். நான் அவருடைய கம்பிளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ‘இருக்கேன்’ என்று சொல்லும்போது குரல் உடையக் கூடாது என்று என்னை நானே மிரட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றவர்கள் பேரெல்லாம் ஆயிற்று. என் முறை வந்தது. சூப்பர்வைசர் ‘சங்கையா’ என்று கூப்பிடவில்லை. ‘பழனிச்சாமி’ என்றார். “இருக்கேன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் சங்கத் தலைவர் சின்னமுத்துவின் மச்சினன். சாவுக்கு வந்ததாகச் சொல்லிக் கம்பத்திலிருந்து வந்தவன், ஊர் திரும்பாமல் அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தான். முந்தின நாள்தான் என் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, அரிசி கிடைக்காத காலத்தில் கடன்பட்டு நான் வைத்த பாயசத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தான். இப்போது புதுக் கத்தியும் கையுமாக வந்து என் பக்கத்தில் நின்று, “கொஞ்சம் தள்ளிக்கோங்க மதினி” என்றான். களத்தில் அத்தனை பேர் நின்றார்கள்.

சூப்பர்வைசர் கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “எனக்கு ஒண்ணும் தெரியாது சின்னத்தாயி. உங்க சங்கம் தந்த பேரு. அங்க போய்ச் சோதிச்சுக்கோ.” கேட்டுக்கோ என்பதை அவர் மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்.

சின்னமுத்து எங்கள் தொழிற்சங்கத்துக்குத் தலைவர், பஞ்சாயத்துக்கு மெம்பர். இடுக்கி தனி ஜில்லாவாகப் பிரிந்த மறு வருஷம் அது. அடுத்த தேர்தலில் அவருக்கு எம்.எல்.ஏ. சீட்டு என்று அவரே ஆள் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா என்னோடு கொழுந்து கிள்ளியவள், கடைசிவரை முதுகு நிமிராமல் செத்தவள். மகனுக்கு முதுகு நன்றாக நிமிர்ந்துவிட்டது. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்றிலாவது அவர் எழுதி எவரும் கண்டதில்லை. சில்வர் ஓக் மரத்துக்கிளை விழுந்து சங்கையா செத்த அன்று, குழி மூடுவதற்கு முன்னே கல்மேல் ஏறி நின்று, “சங்கையாவோட குடும்பம் இனி சங்கத்தோட குடும்பம்” என்று பேசினார். கை தட்டுகிற இடமா அது? நாலைந்து பேர் தட்டினார்கள்.

நான் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்து முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

“வாங்க மதினி. நீங்க வருவீகன்னு தெரியும்.”

“அவுக பேரை யாருக்குக் குடுத்தீக?”

“நானா குடுத்தேன்? கம்பெனி ஆம்பளை ஆளுதான் வேணும்னுட்டான். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்ட நீங்க போவீகளா? அந்த இடம் வெளியாளுக்குப் போயிரக் கூடாதேன்னு நம்ம பையன் ஒருத்தனை நிறுத்திவச்சேன். உங்களுக்காகத்தான் மதினி செஞ்சேன்.”

“வீடு?”

“வீடு வேலையோட போறது. சட்டம் அப்படி. மாசக் கடைசிக்குள்ள ஒழியணும்பான். அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தானே நானே ராவும் பகலும் போராடிக்கிட்டிருக்கேன்!”

சொல்லிவிட்டு மறு கன்னத்தைச் சிரைக்க ஆரம்பித்தார். கை நடுங்கவே இல்லை. இப்படிப் பேசிக்கொண்டே ஒருத்தனால் ரத்தம் வராமல் சிரைக்க முடிகிறதே என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. எனக்கும் மகளுக்கும் அந்த லயத்து அறையை விட்டால் வேறு கூரை இல்லை. ஊர் என்று சொல்லிக்கொள்ள சங்கரன்கோவில் பக்கம் ஒரு பேர்தான் இருக்கிறது. அங்கே எங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் சீசனுக்கு மட்டும் கூப்பிடுகிற ஆள். சீசன் ஆளுக்கு வீடு கிடையாது.

பக்கத்து வீட்டு இருதயம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். தண்ணீர்க் குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “அந்த நாசமாப் போறவன் வீட்டுல இழவு விழ! செத்தவன் சூடு ஆறல, அதுக்குள்ள மச்சினனைக் கொண்டாந்து நிறுத்துதானே, இவன் உருப்படுவானா?” என்று கத்தினாள். குழாயடியிலிருந்து லயத்துக்கு லயம் பரவியது. சாயங்காலம் டீக்கடையில் ஆம்பிளைகள் கூடிவிட்டார்கள். சங்கத்துக்குச் செயலாளர் சுடலை பெஞ்சின் மேல் ஏறி நின்று, “தலைவர் ராஜினாமா செஞ்சே ஆகணும்” என்றான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சுடலை நல்லா இருக்கட்டும் என்று கும்பிட்டேன். அடுத்த தலைவர் தான்தான் என்று அவன் ஏற்கனவே முடிவு கட்டிவிட்டது அப்போது எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து எஸ்டேட்டே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ராஜினாமா செய்ய வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. கொழுந்து கிள்ளும்போதும் அதே பேச்சு, எடை போடும்போதும் அதே பேச்சு. “தமிழாளு ஒருத்தன் பஞ்சாயத்துல இருக்கான். அவனையும் இறக்கிட்டா நமக்கு யாரு பேசுவா?” என்பான் ஒருத்தன். “போன மழைக்கு நல்ல கம்பிளி வாங்கித் தந்தது யாரு?” என்பான் இன்னொருத்தன். “எவன் செய்யல? இவன் மாட்டிக்கிட்டான், அவ்வளவுதான்” என்று மூன்றாவது ஆள் பீடியை அணைத்துவிட்டு எழுந்து போவான். வண்டிப்பெரியார் கடைத்தெருவரை போய் வாதாடிவிட்டு, தொண்டை கட்டித் திரும்பினார்கள். அந்த வாதாட்டத்தில் அவர்களுக்கு ஒரு சுகம் இருந்தது. கம்பெனியிடம் நாக்கு எழும்பாதவர்கள் எல்லாம் டீக்கடையில் பாராளுமன்றம் நடத்தினார்கள். சங்கையா என்ற பேர் மட்டும் அதில் ஓரிடத்திலும் வரவில்லை. நான் வழியில் நின்றுகொண்டு, “என் வீட்டுக்கு என்ன வழி அண்ணாச்சி?” என்று கேட்டால், “இரு தாயி, முதல்ல இந்த ராஜினாமா முடியட்டும்” என்பார்கள்.

ராஜினாமா எனக்கு எதற்கு? அதை வைத்து நான் அடுப்பு எரிக்கப்போகிறேனா, இல்லை அதை விரித்து மகளைப் படுக்கவைக்கப்போகிறேனா? மச்சினனை அந்த இடத்தைவிட்டு நகரச் சொன்னால் போதும். அவர் தலைவராக இருந்து தொலையட்டும், மந்திரியாகவே போய்த் தொலையட்டும். இதைச் சொன்னால் சுடலைக்கே கோபம் வந்தது. “நாங்க கொள்கைக்காகப் போராடுதோம். நீ வீடு வீடுன்னு சின்னப்புத்தியாப் பேசுதியே” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சின்னமுத்து எழுந்தார். சங்கப் பதவி, பஞ்சாயத்துப் பதவி இரண்டையும் இந்த நிமிஷமே தூக்கி எறிகிறேன் என்றார். தன்மேல் விழுந்த களங்கம் நீங்கும்வரை சங்கக் கொடிமரத்தடியில் உண்ணாவிரதம் என்றார். பிறகு சுடலையின் பக்கம் திரும்பி, “தம்பி, நாளைக்கே பொறுப்பை எடுத்துக்கோ. அரிசிக்காகத் தாலுகா ஆபீசை முற்றுகை போட நாள் குறிச்சிருக்கு. போலீஸ் அடிக்கும். முன்னால நிக்க வேண்டியது தலைவர்தான்” என்றார். சுடலையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “தலைவரே, நீங்க இல்லாம நாங்க யாரு?” என்று அவன்தான் முதலில் அழுதான். அழுதானே தவிர, கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அந்த வருஷம் ரேஷனில் பாதி அரிசிகூடக் கிடைக்கவில்லை. லயத்தில் முக்கால்வாசிப் பேர் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பட்டினியைப் பார்க்க எவனும் வரவில்லை. சின்னமுத்துவின் பட்டினியைப் பார்க்க மூன்று எஸ்டேட்டிலிருந்து சனம் வந்தது. பாய் விரித்து, திண்டு போட்டு, மாலையும் கழுத்துமாக அவர் சாய்ந்திருந்தார். ராஜினாமா செய்யச் சொன்னவர்களே இப்போது ராஜினாமாவைத் திரும்ப வாங்கச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். பொம்பிளைகள் சுற்றிலும் உட்கார்ந்து, அவர் கன்னம் ஒட்டிப்போயிற்று என்று மூக்கைச் சிந்தினார்கள். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. “ஒரு பொம்பளையால ஒரு நல்ல மனுசன் சாகக் கிடக்கான்” என்று ஒருத்தி என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள். இருதயம்மாள்கூட அன்று வாயைத் திறக்கவில்லை. அவள் மகனுக்குத் தலைவரிடம் வேலை கேட்டிருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

உண்ணாவிரதத்தின் நாலாம் நாள் சுடலை என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் படியிலேயே நின்றான்.

“தலைவர் ஜூஸ் குடிக்கச் சம்மதிச்சுட்டாரு.”

“குடிக்கட்டுமே. என் தொண்டை வழியாவா குடிக்கப்போறாரு?”

“நீ குடுத்தாத்தான் குடிப்பாராம். பாதிக்கப்பட்டவ கையாலதான் முடிக்கணும்னு சொல்லிட்டாரு. பத்திரிகையில இருந்து போட்டோக்காரரு வந்திருக்காரு. சட்டுன்னு மூஞ்சியக் கழுவிட்டு வா.”

“அவுக பேரு எனக்கு வருமா?”

“அது பின்னால பேசிக்கிடலாம். இப்பம் போய் அதைக் கிளப்பாத.”

“மாசக் கடைசி நாளைக்கு மறுநாள், சுடலை.”

“உனக்கு எப்பவும் உன் கவலைதான்” என்றான்.

முகம் கழுவாமலே போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கொடிமரத்தைச் சுற்றி இவ்வளவு கூட்டத்தைத் திருவிழாவுக்கும் நான் பார்த்ததில்லை. சர்க்கரைக்கும் தட்டுப்பாடு என்பதால் வீட்டுக்கு ஒரு கரண்டியாக வாங்கிச் சேர்த்து, எலுமிச்சம்பழச் சாறு கரைத்து வைத்திருந்தார்கள். பளபளவென்று பெரிய எவர்சில்வர் டம்ளர். தலைவர் நனையாதபடி அவர் தலைக்குமேல் ஒருவன் குடை பிடித்திருந்தான். பழனிச்சாமிதான். என்னைப் பார்த்ததும் இந்தத் தடவை அவனாகவே தள்ளி நின்று எனக்கு வழி விட்டான்.

டம்ளரை என் கையில் கொடுத்தார்கள். தலைவர் கையை ஏந்தி, கண்ணை லேசாக மூடி, எனக்காக இல்லை, போட்டோக்காரனுக்காக முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டார். நான் குனிந்தேன். பட்டினி கிடந்த வாய் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும், ஒரு வாரமாக என் வாய் அப்படித்தான் நாறியது. அவர் வாயில் பாக்கு வாசம்.

“இந்த மச்சினனை நகரச் சொல்லும். சொல்லிட்டுக் குடியும்” என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, உதட்டை மட்டும் அசைத்தார். “மதினி, எல்லாரும் பாக்காக. குடுங்க.”

“நகரச் சொல்லுவீரா, மாட்டீரா?”

“குடுட்டி” என்றார், இன்னும் மெதுவாக.

‘டி’ போட்டதும் நிமிர்ந்து நின்று, அந்த டம்ளரை என் வாயில் வைத்தேன். மடக் மடக்கென்று குடித்தேன். தெவிட்டுகிற இனிப்பு. எத்தனை நாளாயிற்று சர்க்கரை நாக்கில் பட்டு! முன்வரிசையில் எவளோ “ஐயையோ” என்றாள். சுடலை என் கையைப் பிடிக்க வந்தான், முழங்கையால் இடித்துத் தள்ளினேன். அடியில் தங்கிய கரையாத சர்க்கரையை விரலால் வழித்து நக்கினேன். பிறகு காலி டம்ளரைத் தலைவரின் ஏந்திய கையில் வைத்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தோளுக்கு மேலாகக் கேமராவைப் பார்த்தார். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. ஒரு கையால் கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டு, மறு கையால் டம்ளரைத் தூக்கி உதட்டில் வைத்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. ஒன்றும் இல்லாத டம்ளரிலிருந்து அவர் நிதானமாக, நிறுத்தி நிறுத்திக் குடித்தார். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. முதலில் சுடலை கை தட்டினான். காலி டம்ளரைக் கண்ணால் பார்த்த முன்வரிசை தட்டியது. பின்னால் நின்ற மூன்று எஸ்டேட்டும் தட்டியது. இருதயம்மாள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு அவளும் தட்டினாள். தலைவர் டம்ளரைக் கீழே இறக்கி, துண்டை எடுத்து, ஈரமே படாத உதட்டை ஒற்றித் துடைத்துக்கொண்டார்.